மூளைக்கு நல்லது

மீன் சாப்பிடுவது மூளைக்கு நல்லதா என்ற ஒரே கேள்விக்காக அந்த நகரத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கேள்வி எழுந்த காலத்தில் அது ஒரு மாடிதான். பதில் கிடைக்காமல் போக ஒவ்வொரு மாடியாக ஏறியது. பதில் கிடைத்திருந்தால் கட்டடம் அங்கேயே நின்றுபோயிருக்கும் என்பது உள்ளே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அதனால் பதில் என்ற சொல்லை அங்கே கொஞ்சம் மரியாதையாக, இறந்தவர் பெயரைப் போலத்தான் சொல்வார்கள். வாசலில் கருங்கல்லில் பொன்னெழுத்தில் நிறுவனத்தின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது: ‘மேலும் ஆய்வு தேவை.’

டிரைவர் அந்தக் கல்லைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். அவர் ஓட்டும் நகரப் பேருந்துக்கு அந்த வாசலுக்கு எதிரே ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே இறங்குகிறவர்கள் அக்குளில் கோப்போடு இறங்குவார்கள். சாயங்காலம் அதே கோப்போடு ஏறுவார்கள். யார் முகத்திலும் காரியம் முடிந்த களை இருக்காது. அது பத்திரப்பதிவு அலுவலகம் என்றே அவர் வெகுநாள் நினைத்திருந்தார்.

அவருடைய மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரின் எண்கள் எல்லாம் அவள் தலையில் இருந்தன. “பல் டாக்டர் வேணும்மா” என்று யாராவது சொன்னால் போதும். எந்தப் பல் டாக்டர், அவர் இந்த நேரத்தில் வீட்டில் இருப்பாரா கிளினிக்கில் இருப்பாரா என்பதுவரை யோசித்து இணைப்புக் கொடுப்பாள். இயந்திரம் வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வருடம் கழித்து மறதி வந்தது. முதலில் அது வீட்டில் சிரிப்புக்கான விஷயமாக இருந்தது. செருப்பு ஃபிரிட்ஜில் இருந்தது, சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பிறகு ஒருநாள் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடப் போனவள், எதைத் தேடி வந்தோம் என்று தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்டாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது நடுரோட்டில் நடந்தது. மத்தியான ஓட்டம். வளைவில் திரும்பியதும் சாலை நடுவே ஒரு பெண் நின்றிருந்தாள். டிரைவர் அழுத்திய பிரேக்கில் நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, அந்தத் தொழிலில் எல்லோரும் கத்துவதைக் கத்தினார்.

“ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“சொல்லலப்பா,” என்றார்.

அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, அண்ணாந்து பார்த்து, மிகுந்த பணிவோடு கேட்டாள்: “சார், இந்த பஸ் எங்க போகுது?”

மறுநாளிலிருந்து அவர் வீட்டை வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை பையைத் தொட்டுப் பார்க்கும். மனைவியின் தங்கை அதே தெருவில் இருந்ததால் பகலில் வந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் தங்கையின் மகளுக்கு வெளியூரில் பிள்ளை பிறந்திருந்தது. வருடம் முடிந்து மகள் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை போயாக வேண்டும். போனால் ஆறேழு மாதம் திரும்ப முடியாது.

“பூட்டி வைக்கறதுக்கு அவ என்ன பீரோவா அத்தான்?” என்றாள் தங்கை. “நான் போறதுக்குள்ள எங்கயாவது ஒரு இடம் பாருங்க. நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சுன்னா உள்ள இருக்கறவ எந்த வழியா வருவா?”

இடம் ஒன்று இருந்தது. நகரசபையின் பகல் இல்லம். காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிவரலாம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், உள்ளே சாய்வு நாற்காலிகள், கேட்டில் ஒரு காவலாள். டிரைவருக்கு அந்தக் காவலாளைத்தான் மிகவும் பிடித்தது.

“மறதி இருக்கா?” என்று கேட்டார் இல்லத்தின் மேலாளர்.

“இருக்குங்க.”

“யார் சொன்னது?”

“நான்தாங்க சொல்றேன்.”

“நீங்க சொன்னா எப்படி? நீங்க வீட்டுக்காரர். நல்லா ஞாபகம் இருக்கற ஆளைக் கொண்டாந்து மறதின்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டா? போன வருஷம் ஒருத்தர் மாமியாரை அப்படித்தான் விட்டுட்டுப் போனாரு. அந்தம்மா இங்க வந்து எங்க கணக்குல தப்பு கண்டுபிடிச்சிட்டாங்க. எவ்வளவு சங்கடம் தெரியுமா? மறதிச் சான்றிதழ் வேணும். அதைக் குடுக்கறது அந்த ஏழு மாடிக்காரங்கதான்.”

“மீன் ஆராய்ச்சி பண்றவங்களா?”

“முன்ன மறதிக்குத் தனியா ஆஸ்பத்திரி இருந்துச்சு. மூளை அவங்ககிட்ட இருக்கே, மறதி மட்டும் தனியா எதுக்குன்னு இதையும் அவங்களோட சேத்துட்டாங்க.”

*

வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. உள்ளே தண்ணீர் குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளைக்கோட்டு அணிந்த பெண் அதிகாரி அவர்களை நாலாவது மாடியில் உட்காரவைத்தார். கனிவான முகம். ஒரே விஷயத்தைப் பல்லாயிரம் பேருக்குச் சொல்லித் தேய்ந்த குரல்.

“சான்றிதழ் தனியா குடுக்கறதில்ல. நீங்க ஆய்வுல சேரணும். ஒரு வருஷம். வாரா வாரம் ஒரு பெட்டி குடுப்போம். அதை அம்மா சாப்பிடணும். மாசா மாசம் சோதனை. கடைசியில ஞாபகம் எவ்வளவு இருக்கோ அதைச் சான்றிதழ்ல எழுதிக் குடுப்போம்.”

“பெட்டியில மீன் இருக்குங்களா?”

அதிகாரி மேசையில் இருந்த மணியைச் சட்டென்று அடித்தார். அடுத்த மேசைகளில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது.”

“எந்த வார்த்தை?”

“இப்ப சொன்னீங்களே.”

“மீனா?”

மீண்டும் மணி அடித்தது. டிரைவர், பிரேக்கில் கால் வைக்க மறந்தவர்போல் கூசிப்போனார்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். இது குருட்டுச் சோதனை. சாப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது. பாதிப் பேருக்கு உணவுப்பொருள் அ, மீதிப் பேருக்கு உணவுப்பொருள் ஆ. ஒன்று உண்மையானது, அதிலிருந்து வாசனை, சுவை, முள், உருவம் எல்லாவற்றையும் இயந்திரத்தில் நீக்கிவிடுவார்கள். இன்னொன்று பருப்புமாவில் செய்தது. அதில் அந்த வாசனையைச் சேர்த்துவிடுவார்கள்.

டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப எது நாறுதோ அது... அது இல்ல. எது நாறலையோ அதுதான் அது. அப்படித்தானே?”

“ஐயா, தயவுசெஞ்சு யோசிக்காதீங்க. நீங்க யோசிச்சா குருட்டுத்தன்மை கெட்டுப்போயிடும். எங்க முழு முயற்சியும் யாரும் யோசிக்கக்கூடாதுங்கறதுதான்.”

“அப்ப யாருக்குத்தான் தெரியும், எது எதுன்னு?”

“எனக்குத் தெரியாது. டைரக்டருக்குத் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தாரு.” அதிகாரியின் குரல் தாழ்ந்தது. “ரிடையர் ஆயிட்டாரு.”

“அவரைக் கேக்கலாமே?”

“கேட்டோம். மறந்துட்டேன்றாரு.”

பிறகு சோதனை. பத்துச் சொற்களை அதிகாரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கதவு, வாளி, குதிரை, எலுமிச்சை, பாலம், கம்பளி, ஆணி, மேகம், சாவி, கிணறு. கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மனைவி மேசையில் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குதிரை,” என்றாள். “ஆணி.” பிறகு தெளிவாக, தொழில்முறைக் குரலில்: “உங்களுக்கு எந்த நம்பர் வேணும் சார்?”

அதிகாரி இரண்டு என்று எழுதிக்கொண்டார். டிரைவருக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. இன்றைக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

“ஒரு தடவை மறந்தா அது மறதியில்லீங்க. அது தகவல். ஒரு வருஷம் மறந்தாத்தான் மறதி.”

*

பெட்டியில் சோப்புக்கட்டி போன்ற ஒன்று இருக்கும். சாம்பல் நிறம். மேலே அ என்று முத்திரை. வாசனை இல்லை. கத்தியால் வெட்டினால் சத்தமும் இல்லை.

“சாப்பிடும்மா,” என்பார் டிரைவர், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல். “மூளைக்கு நல்லது.”

“என் மூளைக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. ஒரு வாய் சாப்பிடு.”

“அவ்வளவு நல்லதுன்னா நீங்க சாப்பிடுங்க.”

அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒருமுறை அவர் வற்புறுத்தியபோது அழுதுவிட்டாள். அன்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். மாடிப்படியில் படுத்திருக்கும் பூனைக்குக் கொண்டுபோய் வைத்தார். பூனை முகர்ந்து பார்த்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மறுபடி முகர்ந்தது. கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பயணியைப்போல, வேறு வழியில்லை என்ற முகத்தோடு சாப்பிட்டது.

தங்கை படியில் நின்று இதைப் பார்த்தாள்.

“அத்தான், இது மீனா இல்லையான்னு பூனைக்கே தெரியல பாருங்க. ஏழு மாடி கட்டி எதைச் சாதிச்சாங்களோ இல்லையோ, இதைச் சாதிச்சிட்டாங்க.”

“வெளிய சொல்லாதே. சான்றிதழ் குடுக்கமாட்டாங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா பாருங்க, ஒரு வருஷம் இதைச் சாப்பிட்டா அந்தப் பூனையையே அங்க டைரக்டரா போடலாம்.”

இரண்டாம் மாதச் சோதனையிலும் அதே பத்துச் சொற்கள். மூன்றாம் மாதமும் அதே. நாலாவது மாடிக் கூடத்தில் காத்திருப்பவர்கள் பெஞ்சில் அசைந்தபடி ஜபம்போல முணுமுணுப்பார்கள்: கதவு, வாளி, குதிரை, எலுமிச்சை. பழைய ஆட்கள் புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கூடத்தில் தேநீர் விற்பவர் சில்லறை கொடுக்கும்போதுகூட, “பாலம், கம்பளி, இந்தாங்க மீதி” என்பார்.

மனைவிக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று. முப்பது வருடம் அவள் தலை செய்த வேலையே இதுதான். யாரோ சொல்வதை வாங்கி, வைத்திருந்து, கேட்டவுடன் கொடுப்பது. கட்டிக்கொடுத்து வெளிநாடு போன மகளின் பெயர் போனது. தங்கையின் முகம் வந்து வந்து போனது. ஆனால் அந்தப் பத்துச் சொற்களும் எரிந்துபோன வீட்டின் பத்துச் செங்கற்கள்போல அப்படியே நின்றன. ஐந்து சொன்னாள், எட்டுச் சொன்னாள். ஒரு மாதம் பத்தையும் சொல்லிவிட்டு, “வேற ஏதாவது வேணுமா சார்?” என்று கேட்டாள்.

அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார்.

டிரைவர் மனைவியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“அம்மா, ஒரு விஷயம். மாசா மாசம் அதே வார்த்தையையே கேக்கறீங்க. அவ மனப்பாடம் பண்ணிட்டா. வெளிய டீக்காரருக்கே தெரியும்.”

“அதே வார்த்தையைத்தானே கேக்கணும்? வார்த்தையை மாத்தினா போன மாசத்தோட எப்படி ஒப்பிடறது? துணி அளக்கற கோலை மாசா மாசம் மாத்துவாங்களா?”

“கோலை மாத்த வேணாம்மா. ஆனா துணியைப் பாக்கணும்ல? நேத்து வீட்டுச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு இது என்னன்னு கேட்டா.”

அதிகாரி குறிப்பேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சாவியா? சாவி சொல்லியிருக்காங்களே. ஒன்பதாவதா.”

டிரைவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி ஒரு புகார்ப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். சொற்களை மாற்றுவது பற்றி ஆலோசிக்கச் சொற்குழு என்று ஒன்று இருப்பதாகவும், கூடியதில்லை என்றாலும் கூடும் என்றும் சொன்னார்.

*

வருட முடிவில் மாநாடு. ஏழாவது மாடி அரங்கம். அழைப்பிதழ் வீட்டுக்கே வந்தது: டிரைவரின் மனைவி சிறப்பு விருந்தினர். தங்கை ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. அக்காவுக்கு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிவிட்டாள்.

“மேடையில ஏத்தினா சும்மா விடாதீங்க அத்தான். கையோட சான்றிதழை வாங்கிட்டு வாங்க. எனக்கு நாளைக்கு டிரெயின்.”

மேடையில் இயக்குநர் பேசினார். மெலிந்த, சுத்தமான மனிதர். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் கையால் தடவிக்கொடுத்து அனுப்பினார்.

“வெளியே சிலர் கேட்கிறார்கள், இத்தனை வருடம் ஆராய்ந்து ஏன் பதில் சொல்லவில்லை என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். பதில் கண்டுபிடித்த நிறுவனங்கள் இன்று எங்கே? பெரியம்மையை ஆராய்ந்தார்கள். அவசரப்பட்டு ஒழித்துவிட்டார்கள். இன்று அந்தத் துறையில் ஒரு நாற்காலி உண்டா? ஒரு மின்விசிறி உண்டா? நாம் அப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. ஒரு கேள்வியைக் கையில் எடுத்தோம். அதை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறோம். கீறல்கூட விழவில்லை. நம் முன்னோர் நம்மிடம் எப்படிக் கொடுத்தார்களோ, அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம்.”

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த கணக்குப் பிரிவினர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

பிறகு மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கியைக் கண்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது. பத்துச் சொற்களும் மணிமணியாக வந்தன. இயக்குநர் பூரித்துப்போய், திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“அம்மா, உங்க இந்த வெற்றிக்குப் பின்னால யாரு இருக்காங்க?”

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த கணவரையும் பார்த்தாள்; நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, கடந்து போனாள்.

“லைன்லயே இருங்க சார்,” என்றாள். “பாத்துச் சொல்றேன்.”

அரங்கம் சிரித்துக் கொண்டாடியது. எவ்வளவு சமயோசிதம் என்று பக்கத்தில் இருந்தவர் டிரைவரின் தொடையில் தட்டினார்.

*

இயக்குநர் அறையில் டிரைவர் உட்காரச் சொன்ன பிறகும் நின்றார். மனைவி நாற்காலியில் பூங்கொத்தோடு இருந்தாள்.

“சார், அவளுக்கு மறதிச் சான்றிதழ் வேணும். நாளையிலிருந்து வீட்டுல ஆள் இல்ல.”

“மறதியா? இவங்களுக்கா?” இயக்குநர் சிரித்தார். “நினைவாற்றல் சான்றிதழ் தயாரா இருக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டே குடுக்கறோம். இந்த நகரத்துல இவங்க அளவுக்கு ஞாபகம் உள்ளவங்க கொஞ்சம் பேர்தான்.”

டிரைவர் பூனை விஷயத்தைச் சொல்லிவிட முடிவு செய்தார். சொன்னார். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை, ஒரு துண்டும் அவள் வாயில் போகவில்லை என்றார். தன்னைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று அவர் காத்திருந்தார். தள்ளினால் நல்லது, ஆய்வு பொய் என்று ஆகிவிட்டால் பத்துக்குப் பத்தும் பொய்யாகிவிடும்.

இயக்குநர் மெல்ல எழுந்தார்.

“பூனை எங்க வெச்சு சாப்பிட்டுது?”

“மாடிப்படியில.”

“வீட்டுக் கதவிலிருந்து பக்கமா தூரமா?”

“பக்கந்தான்.”

“அப்ப சாப்பிடவே இல்ல. பக்கத்துல இருந்ததுக்கே இந்தப் பலன்!” இயக்குநரின் குரல் நடுங்கியது. “ஐயா, நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? இத்தனை நாள் சாப்பிடறதால பலன் உண்டான்னுதான் ஆராய்ஞ்சோம். பக்கத்துல இருந்தாலே பலன் உண்டான்னு இனி ஆராயணும். எவ்வளவு பக்கம்? எந்தத் திசை? படியா, தரையா? இதுக்கு இந்த மாடிகள் போதாது.”

அவர் ஜன்னலருகே போய் மேலே, வானத்தில் எட்டாவது மாடி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார்.

டிரைவருக்குப் பொறுமை அறுந்தது.

“சார், என் பேர் என்னன்னு அவகிட்ட கேளுங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க. பொண்ணு பேரைக் கேளுங்க. இன்னிக்குக் காலையில சாப்பிட்டாளான்னு கேளுங்க.”

“பேரெல்லாம் எங்க சோதனையில இல்லீங்க. இல்லாததைக் கேட்டா அது விஞ்ஞானம் ஆகாது, விசாரணை ஆயிடும்.” இயக்குநர் அவரைக் கரிசனத்தோடு பார்த்தார். “நீங்கதான் ரொம்பப் பதட்டமா இருக்கீங்க. உங்க ஞாபகம் எப்படி?”

மணி அடித்து வெள்ளைக்கோட்டு அதிகாரியை வரவழைத்தார். அதிகாரி மகிழ்ச்சியோடு வந்தார். டிரைவரின் புகாரைச் சொற்குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றுமுதல் புதிய சொற்கள். முதல் ஆளாக அவரையே சோதிப்பதுதான் பொருத்தம் என்றார். விடிகாலை ஓட்டம் முடித்து, மனைவியைக் குளிப்பாட்டி, சீவிக் கூட்டிவந்திருந்த டிரைவர் அப்போதுதான் உட்கார்ந்தார். அதிகாரி புதிய பத்துச் சொற்களை வாசித்தார். பேச்சுக் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார்.

டிரைவர் வாயைத் திறந்தார். கதவு என்று வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். வாளி, குதிரை. ஒரு வருடமாகச் சமையலறையில், குளியலறை வாசலில், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது அவள் சொல்லிச் சொல்லி அவருக்குள் ஊறிப்போன சொற்கள் வரிசை கலையாமல் வந்துகொண்டே இருந்தன. கிணறுவரை வந்து நின்றன.

“ஒண்ணுகூட இல்ல,” என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

“அம்மா, அது பழைய...”

“புரியுதுங்க. பழசு ஞாபகம் இருக்கும், புதுசு நிக்காது. அதுதான் இந்த நோய்க்கு முதல் அடையாளம்.”

“ஒரு வருஷம் மறந்தாத்தான் மறதின்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது பத்துல ரெண்டு சொல்றவங்களுக்கு. ஒண்ணுமே சொல்லாதவங்களுக்கு உடனே குடுக்கலாம்.”

ஒரு வருடம் நடந்து கிடைக்காத சான்றிதழ், மனைவி பூங்கொத்திலிருந்து ஒரு பூவைப் பிய்த்து முடிப்பதற்குள் தயாராகி வந்தது. முத்திரை ஈரமாக இருந்தது. அதில் இருந்தது அவர் பெயர்.

*

நிறுவனம் தன் கடமையில் தவறுவதில்லை. சான்றிதழின் நகல் ஒன்று போக்குவரத்து அலுவலகத்துக்கும் போயிருந்தது.

“வண்டி ஓட்ட வந்ததிலிருந்து ஒரு விபத்துகூட இல்ல சார்,” என்றார் டிரைவர்.

“இல்லேங்கறது உங்க ஞாபகம்,” என்றார் அங்கிருந்த அதிகாரி. “உங்க ஞாபகம் சரியில்லேன்னு இதுல போட்டிருக்கே.”

“உங்க பதிவைப் பாருங்க. அதுலயும் இல்ல.”

“இல்லாததைப் பதிவுல எப்படிப் பாக்கறது?”

காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். கண்டக்டர் டிப்போ வாசல்வரை கூட வந்தார். “வீட்ல சொல்லுங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கை ரயிலிலிருந்து போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப வீட்டைப் பூட்டிட்டுப் போகவேண்டியதில்லையே அத்தான்,” என்றாள். “நீங்களும் உள்ளதானே இருப்பீங்க.”

பகல் இல்லத்தின் மேலாளர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

“இப்ப எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்கு இடம் இருக்கு. ஆனா மறதிக்காரரைத் தனியா சேக்கறதில்ல. பகல் முழுக்கக் கூடவே ஒரு பொறுப்பாளர் வேணும். நல்ல ஞாபகம் உள்ளவரா, சான்றிதழோட.”

டிரைவர் பையிலிருந்து சட்டமிட்ட இன்னொரு சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு மனைவிக்கு எழுந்து வணக்கம் சொன்னார்.

இப்படியாக அவர் கேட்டது கிடைத்தது. வேப்பமரம், சாய்வு நாற்காலி, கேட்டில் காவலாள். மனைவி பாதுகாப்பாக இருந்தாள். காலையில் அவரை உள்ளே சேர்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கோடு கிழிப்பாள், அதை ஏற்றுக்கொள்வார்கள். மாலையில் அவரை அவள் வசம் ஒப்படைப்பார்கள். வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் அவரைக் கேட்பாள். வாசலில் நிற்கும் நகரப் பேருந்தில் ஏறுவார்கள். அவர் பயணிகள் பக்கம் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வெறும் தரையில் காலை அழுத்துவார்.

முதல் நாள் காலை, ஊழியர் ஒருவர் அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அம்மா, இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவு,” என்று ஆரம்பித்தாள். “வாளி, குதிரை...”

ஊழியர் ஏழு மாடிக் கட்டடத்தில் பயிற்சி பெற்றவர். கடைசிவரை கேட்டு, சரி என்று குறித்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. டிரைவர் இப்போது ஆய்வில் இருக்கிறார். உள்ளே சாம்பல் நிறக் கட்டி. வாசனை இல்லை. அவர் அதைத் தள்ளி வைத்தார். அவள் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். ஓரத்தைப் பிட்டு, முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, அவர் வாயருகே நீட்டினாள்.

“சாப்பிடுங்க சார்,” என்றாள். “மூளைக்கு நல்லது.”

அவர் வாயைத் திறந்தார். அது மீனா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.